ஃபுல் ரெகவரி யார் சொன்னது

சாந்தன்பாறைக்கு மேலே, ரெண்டு மழைக்குத் தாங்காது என்று ஊரே சொன்ன சரிவில் வீடு கட்டினேன். இன்றுவரை ஒரு கல் அசையவில்லை. ஜீப்பின் பின்னால் கிளீனராகத் தொற்றிக்கொண்டு போனவன், சொந்தமாக இரண்டு ஜீப் வாங்கினேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து ஜீப் ஸ்டாண்டுக்குக் கூரை போட வைத்ததும் நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று செய்தேன். எங்கள் ஸ்டாண்டுக்கு இங்கிலீஷ் கொண்டுவந்தேன்.

இங்கிலீஷில் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு எந்தச் சொல் ஜோடி என்று தெரிய வேண்டும். டீ என்றால் ஸ்ட்ராங் டீ, மழை என்றால் ஹெவி ரெயின். ஒருமுறை டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு மூணாறு போகும் வழியில் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று சொல்லிவிட்டேன். பின் சீட்டே சிரித்தது. அன்றிலிருந்து கண்ணை ரோட்டிலும் காதைப் பின் சீட்டிலும் வைத்துத்தான் வண்டி ஓட்டினேன்.

ஸ்டாண்டில் எனக்கு ஒரு கூட்டாளி. எட்டாவது வரை படித்தவன், அழகான கையெழுத்து. சவாரி முடித்து வந்து நான் சொல்வேன், அவன் நோட்டில் எழுதுவான். முதலில் ஜோடி, அடுத்து அதை வைத்து ஒரு வாக்கியம், கடைசியில் அது யார் வாயிலிருந்து வந்தது என்று. 'சிவப்புத் தொப்பிக்காரர்', 'வளைவில் வாந்தி எடுத்த அம்மா' என்றெல்லாம் எழுதியிருப்பான். சொன்ன ஆள் தெரியாத ஜோடியை ஏற்றவே மாட்டான்.

"ஆளச் சொல்லு மாப்ள. நீயா ஒட்டுப்போட்டதெல்லாம் இதுல ஏறாது."

"என் காது இல்லேன்னா ஒன் நோட்டு பஜ்ஜி மடிக்கத்தான்டா ஆகும்."

"என் நோட்டு இல்லேன்னா ஒன் காதுல அழுக்குதான்டா இருக்கும்."

மறுநாள் அந்த வாக்கியத்தைச் சவாரியில் சொல்லிப் பார்ப்போம். 'தேர் இஸ் திக் ஃபாக், ஐ வில் டிரைவ் ஸ்லோலி.' யாரும் சிரிக்கவில்லை என்றால் நோட்டில் ஒரு டிக்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு ஈரல் கெட்டது. மலையிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பகலெல்லாம் நான் கூட இருப்பேன், டீச்சராக இருக்கும் அவன் மகள் சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்து வருவாள். ஒரு நாள் காலையில் அவன் மருந்து மயக்கத்தில் கிடந்தான். கட்டிலருகே இரண்டு டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். 'புவர் ரெஸ்பான்ஸ்' என்றார் ஒருவர். 'வெரி லிட்டில் டைம்' என்றார் மற்றவர். எங்களுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். ஸ்டாண்டிலேயே கூர்மையான காது என்னுடையது. அன்றைக்கு மட்டும் அது அடைத்துப்போயிருக்கக் கூடாதா.

போகும்போது என்னைத் தனியாக அழைத்து, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள் என்றார் பெரிய டாக்டர். தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் கண் விழித்தான்.

"டாக்டரு வந்துட்டுப் போனாரா? புதுசா ஏதாச்சும் சிக்குச்சா மாப்ள?"

எப்போதோ என் ஜீப்பில் வந்த ஒரு பெண், தன் தாயைப் பற்றிப் போனில் சொன்னது நாக்கில் வந்து நின்றது.

"ஃபுல் ரெகவரின்னாருடா."

"யாரு?"

"பெரிய டாக்டருதான். வேற யாரு?"

தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துத் தரச் சொன்னான். எழுத்து கோணிக்கொண்டு போனது. 'ஐ வில் மேக் எ ஃபுல் ரெகவரி.' பக்கத்தில், 'பெரிய டாக்டர்'. அன்று இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றான். சாயங்காலம் வந்த மகளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் போய்விட்டான்.

 இந்த வருஷம் மகள் அந்த நோட்டைச் சின்னப் புத்தகமாகப் போட்டாள். அட்டையில் தகப்பன் பெயர் மட்டும். பஞ்சாயத்து ஹாலில் வெளியிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"கடைசிப் பக்கத்தப் பாருங்க" என்று மைக்கில் அவள் அழுதாள். "அந்த டாக்டர் உண்மையச் சொல்லியிருந்தா அப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்திருப்போம். எப்பப் போனாலும் வீட்லதான் கண்ண மூடணும்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

கூட்டம் முடிந்ததும் ஒரு பிரதியை என் கையில் வைத்தாள். "நீங்கதான் மாமா கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க" என்றாள்.  இத்தனை ஜோடி கொண்டுவந்தவனுக்கு அன்றைக்குத் தமிழில்கூட ஒரு சொல் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மறுபடி அச்சடிக்கும்போது என் பெயரையும் அட்டையில் போட வேண்டும். அந்த நோட்டில் பாதிக்கு மேல் என் காது கேட்டது, அதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கடைசிப் பக்கத்தில் டாக்டர் என்று இருப்பதை அடித்துவிட வேண்டும். அவர் அதைச் சொல்லவில்லை தாயி. நான் சொன்னேன். அந்த இடத்திலும் என் பெயரையே போடு.