மஞ்சள் துணி கட்டிய சாவி

பாட்டியின் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து அந்தச் சாவிக்கொத்து வெளியே வந்ததும், அவர் இறந்த துக்கம் ஆறாத வீடு சந்தைக்கடையாகிவிட்டது. ஒவ்வொரு சாவியிலும் ஒரு துண்டுத் துணி முடிந்திருந்தது. ஒன்று கோடு போட்டது, ஒன்று கட்டம், ஒன்று பூ. சின்ன மாமியின் கண்ணுக்கு எல்லாமே நகைப்பெட்டிச் சாவிகள்தான். வீட்டிலிருந்த பூட்டு ஒன்று பாக்கியில்லாமல் நுழைத்துப் பார்த்தார், மாமாவின் சைக்கிள் பூட்டைக்கூட விடவில்லை. எதுவும் திறக்கவில்லை.

பேத்திக்கு நகை நினைப்பு இல்லை, வேறு குறுகுறுப்பு. பூட்டே இல்லாத சாவிகளைப் பாட்டி எதற்குச் சேர்த்து வைத்தார்? அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் பார்வையையெல்லாம் சரிபார்க்கிறவள் இதை அப்படியே விட்டுவிடுவாளா?

பாட்டி சும்மா உட்கார்ந்த மனுஷி அல்ல. மெஷினை மிதித்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். தாத்தா படுத்த படுக்கையானபோது, கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறமாவது ஓய்வெடுப்பார் என்று பார்த்தால், விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார். அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'ரோந்து'. அப்படிச் சுற்றியவர், தனியாகக் குடிபோன பேத்தியின் அறைக்கு மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. கூப்பிட்டால், "உன் மாடிப்படி ஏற முட்டி ஒத்துக்காதுடி" என்பார். பேத்திக்கு அதில் மனத்தாங்கல்தான்.

அன்று மத்தியானம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"அதுல நீலக்கோடு போட்டது என் வீட்டுச் சாவிம்மா."

"உங்க வீட்டுச் சாவி பாட்டிகிட்ட எதுக்கு?"

"தனியா இருக்கிறவங்க எல்லாருமே குடுத்திருக்கோம். எங்க தெருவுல ஒருத்தர் குளியலறையில விழுந்து கிடந்து, யாருக்குமே தெரியாமப் போயிட்டாரு. அதுக்கப்புறம் உங்க பாட்டி ஆளுக்கொரு ஜன்னல்திரை தச்சு மாட்டினாங்க. மிச்சத் துணிதான் இது, எந்தச் சாவி யார் வீட்டுதுன்னு தெரியணுமில்ல? காலையில திரையை விலக்கணும். விலக்கலைன்னா திறந்துக்கிட்டு வந்துடுவாங்க. ஒருநாள் நல்லாத் தூங்கிட்டேன். கண்ணு முழிச்சா தலைமாட்டுல நிக்கிறாங்க. அந்தப் பயத்துலயே போயிருப்பேன்!"

அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பேத்தி சட்டென்று நாளை எண்ணிப் பார்த்தாள். பாட்டி படுத்ததிலிருந்து நாலு நாளாக ரோந்து நின்றுபோயிருக்கிறது. எந்தத் திரைக்குப் பின்னால் யார் விழுந்து கிடக்கிறார்களோ?

கொத்தை எடுத்துக்கொண்டு தபால்காரரோடு ஓடினாள். ஜன்னல் ஜன்னலாகத் துணியை ஒத்துப் பார்த்தார்கள். பூப்போட்டது பல் டாக்டரின் அம்மா, கட்டம் போட்டது இசை வாத்தியார். எல்லாரும் நலம். சாவியை நீட்டினால் ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்கள்.

ஒரே ஒரு சாவிக்குத்தான் ஜன்னல் கிடைக்கவில்லை. மஞ்சள் துணி, சிவப்புப் புள்ளி. தபால்காரருக்கே அது யாரென்று தெரியவில்லை. அவர் கால் ஓய்ந்து வீட்டுக்குப் போனபிறகும் அவள் விடவில்லை. மூடிய திரை ஒவ்வொன்றும் அவளைப் பதறவைத்தது. பாட்டி வருவார் என்று நம்பி யாரோ ஒருவர் நாலு நாளாகக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பில் அழுகை முட்டியது.

தேடிக்கொண்டே தன் தெருவுக்கே வந்துவிட்டாள். மாடியில் அவள் கதவை யாரோ தடதடவென்று தட்டும் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால் எதிர்த்த டீக்கடைக்காரர்.

"அப்பாடா, வெளியிலதான் இருந்தீங்களா! நாலு நாளா உங்க திரை மூடியே கிடக்கு. உள்ள என்ன ஆச்சோன்னு பதறிட்டேன்."

"என் திரையை நீங்க எதுக்குங்க பாக்குறீங்க?"

"நான் எங்க பாத்தேன்? ரோந்தம்மாதான் தினமும் நம்ம கடையில உக்காந்து பாப்பாங்க. உங்க திரை விலகினாத்தான் டீயைக் குடிச்சு முடிப்பாங்க. அவங்களையும் காணோம், சாவியும் அவங்ககிட்ட இருக்கு. அவங்க எங்க?"

அவள் கொத்தைத் துழாவினாள். மஞ்சள் துணிச் சாவியைப் பூட்டில் நுழைத்தாள். அது தன் வீட்டுக்கு வந்ததுபோலத் திரும்பியது.

குடிவந்த அன்று, "என்னை யாரும் வந்து பாத்துக்க வேண்டாம்" என்று அவள் வீறாப்பாகச் சொல்லியிருந்தாள். சரி என்று அம்மா மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள், இந்தத் திரையை மாட்டிவிட்டும் போனாள். வெயிலில் வெளுத்து வெள்ளைத் திரையாகவே ஆகிவிட்டிருந்தது. அடி மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். வெயில் படாத இடத்தில் மஞ்சள், அதில் சிவப்புப் புள்ளி.

திரையை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். டீக்கடைக்காரர் ஒன்றும் புரியாமல் வாசலிலேயே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அவங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கட்டுமாம்மா?"