இசக்கிசெல்வியின் பானையில் விழுந்த கரி

இசக்கிசெல்வி 1961இல் ஆரல்வாய்மொழியில் பிறந்தாள். கணவன் வன்னியபெருமாள் கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்தபின், 1990இல் திருவனந்தபுரம் வந்து, பழவங்காடியில் ஓர் ஓட்டலில் எச்சில் இலை எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். 2001இல் சில மாதங்கள் நாடகத்தில் நடித்தாள். இவ்வளவும் ஐயமற்ற செய்திகள்.

ஓட்டலுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த அரிசிக் கிட்டங்கியில் அந்த நாடகக் குழு ஒத்திகை பார்த்தது. சாயா கொண்டுபோனவளை இயக்குநர் பிரஜின் ஒருநாள் நிற்க வைத்துப் பார்த்தார். பிணந்தின்னிக் கழுகின் வேடம் அவளுக்கு வந்தது.

பூமி சூடேறி உயிரினங்கள் அற்றுப்போவதே கதை. பன்னிரண்டு நடிகர்கள், பன்னிரண்டு உயிர்கள். ஆளுக்கொரு பாய், பாய்க்கு முன்னால் ஒரு பானை. வாசலில் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கரித்துண்டு தரப்படும். பிடித்த பானையில் போடலாம். எதற்கென்று சொல்லப்படாது. எந்தப் பானை மிகவும் கனக்கிறதோ அந்த உயிர் அன்றோடு முடிந்தது. அந்த நடிகர் மறுபடி வரக்கூடாது. அடுத்த ஊரில் அவருடைய பாய் வெறுமையாக விரிக்கப்படும். இந்த விதியை வெளியே சொல்வதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

ஐந்து உயிர்கள் போயின. கழுகு தப்பி வந்தது. யாருக்கும் அதைப் பிடிக்கவில்லை. கரியெல்லாம் கடலாமைக்கும் மலையணிலுக்கும் விழுந்தது.

அடுத்த காட்சி திருவனந்தபுரம் கோட்டைக்குள், அதற்கடுத்தது நாகர்கோவில். அவளுக்கு வேண்டியிருந்தது சொந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த நாகர்கோவில்தான். எச்சில் இலை எடுக்கப் போனவள் என்றே ஊர் அவளை அறிந்திருந்தது. மேடையில் தன்னைப் பார்க்க வரும்படி அக்காள் உலகம்மைக்குச் சொல்லியும் ஆயிற்று.

கோட்டைக் காட்சிக்கு ஓட்டல்காரர்களை அழைத்தாள். அடுப்பு மாஸ்டர் வேல்சாமி கேட்டான்: "என்ன வேஷம்?"

"கழுகு, அண்ணாச்சி."

"அப்போ இலையில மிச்சம் ஒண்ணும் இருக்காது. சரிதன்னே?"

"கிண்டல விட்டுட்டு வாங்க. வாசல்ல கரி தருவாங்க, பானையில போடணும்."

"கரி எதுக்கு?"

"அத பறயப்பிடாது."

"வோட்டுதானே? நமக்கு அறியாததா?"

அவள் மறுக்கவில்லை. ஆளுக்கு ஒரு துண்டுதானே என்று நினைத்தாள்.

ஓட்டலிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். வாசலில் வாங்கிய துண்டைப் போட்டபின், வேட்டி மடியை அவிழ்த்து, அடுப்படியிலிருந்து அள்ளி வந்த கரியையும் கழுகின் பானையில் கொட்டினார்கள். வேல்சாமி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். கழுகுக்கு வசனம் கிடையாது.

விளக்குகள் அணைந்தபின் பிரஜின் பானையைத் தூக்கிப் பார்த்தார்.

"அது ஓட்டல் கரி, சாரே. நீங்க கொடுத்ததில்ல."

"அறியாம், எனக்குத் தெரியும், சேச்சி. ஆனா இன்னைக்கு மாத்தினா, போன அஞ்சு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வெளியே வேல்சாமி காத்திருந்தான். "ஜெயிச்சாச்சா?"

"ஆமா, அண்ணாச்சி."

நாகர்கோவிலில் உலகம்மை இரண்டாம் வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்பிச் சொன்னாள்: "வெறும் பாயைக் காட்டுனாவ. அவ ஆளையே காணல. புளுகியிருக்கா."

அந்த ஆண்டு இறுதியில் நாடகம் நின்ற பிறகு, இசக்கிசெல்வி நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். கரியும் பானையுமாக அவள் சொன்னதை அக்காள் நம்பவில்லை. பிரஜின் வேறு நாடகத்துக்குக் கூப்பிடவும் இல்லை.

2009இல் இறக்கும்வரை அதே ஓட்டலில் இலை எடுத்தாள். நாடகத்துக்கு முன் பதினோரு ஆண்டுகள், பின் எட்டு.