பெரட்டில் நான் கொடுத்த குரல்

மகள் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். ஈப்போ வீட்டில் அவள் படித்த மேசையில் தனியாகச் சாப்பிடும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வரும்.

அப்போது அவள் காம்பாரில் இறுதியாண்டு மாணவி. மறுநாள் தன் ஆய்வை விளக்கிப் பேச வேண்டும். ஒத்திகையில் அவள் பேசியது யாருக்கும் புரியவில்லையாம். தேறாவிட்டால் இன்னொரு பருவம் படிக்க வேண்டும். அதனால் என்னைப் பிடித்து எதிரே உட்கார வைத்தாள்.

“புரியலன்னா கைய தூக்குங்கப்பா. சும்மா தலைய ஆட்டக்கூடாது.”

குவாண்டம் கணினிக்கு எழுதும் நிரலில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பெயர் உண்டாம். ஆனால் இயந்திரத்தை இயக்குவது அந்தப் பெயருக்கு அடியில் எழுதியிருக்கும் நுண்ணலைத் துடிப்பு. பெயரை அப்படியே விட்டுவிட்டு யாராவது துடிப்பை மாற்றினால், பெயரை மட்டும் பார்க்கும் சோதனை அதைக் கண்டுபிடிக்காது. விடை தப்பாகிவிடும்.

நான் கையைத் தூக்கினேன். “பெரட்டுல ஆள் மாத்தி குரல் குடுக்கற மாதிரியா?”

“அது என்னப்பா?”

பள்ளி முடித்ததும் நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரப் பட்டையை வெட்டிப் பால் எடுத்தேன். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். இருட்டில் முகம் தெரியாது, குரல்தான். ஒருநாள், பீடோரில் படம் பார்க்கப் போன நண்பன் திரும்பி வரவில்லை. அவன் பெயருக்கு நான் “இருக்கேங்க” என்றேன். பட்டியலில் எல்லாரும் இருந்தார்கள். வெயில் ஏறிய பிறகுதான் அவனுடைய மர நிரையில் பால் வடியும் மங்குக் கிண்ணம் ஒன்றில்கூடப் பால் இல்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்டார். அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குரல் கொடுத்தது யாரென்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மகள் சிரித்துவிட்டாள். “உங்க பேருக்கே உங்க குரல் வெளிய வராது. அவரு பேருக்கு எப்படிப்பா வந்துச்சு?”

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “நாளைக்கு இத சொல்லட்டுமாப்பா? இதவிட லேசா எனக்கு சொல்லத் தெரியாதுலா.”

“சொல்லு. நான்னு மட்டும் சொல்லாத.”

மறுநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெரட்டுக் கதையைக் கேட்டதும் விரிவுரையாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குரல் கொடுத்தவர் யார் என்று ஒருவர் சிரித்தபடி கேட்டார். தெரிந்த ஒருவர் என்றாள் மகள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் கையைத் தூக்கினேன்.

வீடு திரும்பும் பேருந்தில் அவள், கோப்பெங் தாண்டிய பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“புரியலன்னாதானே கைய தூக்கச் சொன்னேன்?”