பள்ளிக்கூடம் வரத் தேவையில்லை

போன கிழமை பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் எடுப்பவன் நான் இன்னும் சாகவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். அதற்காகவே முகத்தை மழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போவேன். இந்த முறை வாசற்படிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சரிவுப் பாதை கட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகையும் வைத்திருந்தார்கள். பாதையை மறித்துக்கொண்டு மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. முழங்கால் நோவோடு படியேறிப் போய், இது என்ன கூத்து பிள்ளை என்று மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். பாதை கட்டச் சொல்லித்தான் ஐயா சுற்றறிக்கை வந்தது, சைக்கிள் விடக்கூடாது என்று வரவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் கோபம் வந்தது. என்னுடைய பத்திரத்தைத் தேட அவள் ஒரு பழைய கோப்பைப் பிரித்தாள். அந்தப் புழுங்கின கடதாசி மணம் மூக்கில் ஏறியது. நான் ஐம்பதுகளின் கடைசிக்குப் போய் விழுந்துவிட்டேன்.

அப்போது வவுனியாவில் கல்விக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். வயது இருபத்தொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு தலையணையோடும் வந்து இறங்கியவன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தட்டச்சு. பார்க்காமல் அடிப்பேன், பேசிக்கொண்டே அடிப்பேன், என் வேகத்தை யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டும் அடிப்பேன். நாடாவின் எண்ணெய் மணமும், கார்பன் தாளின் மணமும், ஓட்டுக் கூரைக்குள் இருந்த வௌவால்களின் மணமும் சேர்ந்ததுதான் எங்கள் கந்தோர். சம்பளம் வாங்கிய முதல் மாதம் அது எனக்குச் சந்தன மணமாக இருந்தது.

அந்த நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத தகப்பன்மாரை வழக்குக்கு இழுப்பார்கள். அதற்கென்று ஓர் உத்தியோகத்தர் இருந்தார். காக்கிக் காற்சட்டையும் தொப்பியுமாகச் சைக்கிளில் குடியேற்றத் திட்டங்களுக்குள் போய், பள்ளிக்கூடத்து வரவு இடாப்பைப் பார்த்து, வராத பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு வருவார். அவரைக் கண்டால் மாடு மேய்க்கிற பிள்ளைகள் பற்றைக்குள் ஒளிந்துவிடும். அவர் கொண்டுவரும் பெயர்களுக்கு நான் அழைப்பாணை அடிப்பேன். சட்டம் கடுமையானதுதான், ஆனாலும் அதில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. கமக்காரன் வீட்டுப் பிள்ளையும் படிக்கட்டும் என்ற எண்ணம். அதை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

அப்படி ஓர் அழைப்பாணை போய்த்தான் சின்னத்தம்பி கந்தோருக்கு வந்தார். கனகராயன்குளத்துக்கு உள்ளே, காடு வெட்டித் திறந்த ஒரு குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் கிடைத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். கந்தோருக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். அவருடைய மகள் தவமணிக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போனது. பள்ளிக்கூடம் இரண்டரைக் கட்டை, அதாவது இரண்டரை மைல் தூரம். சைக்கிளின் முன் தண்டில் சாக்கைச் சுற்றி, அதில் இருத்தித்தான் தினமும் கொண்டுபோய் விடுவாராம். விதைப்புக்கும் அரிவு வெட்டுக்கும் ஆள் வயலில் நிற்க வேண்டும், அந்த மாதங்களில் பிள்ளை வீட்டில். அதுதான் வரவு குறைந்து அழைப்பாணை வந்தது.

அந்த மனிதர் குற்றப் பணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை என்பதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. அவர் கேட்டது வேறு. குடியேற்றக்காரருக்கு அந்த நாளில் எல்லாமே படிவத்தில்தான் வந்தது. காணி, வீடு, மண்வெட்டி, கத்தி, விதைநெல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் ஒன்று இருக்கும் என்று நம்பி வந்திருந்தார்.

"மண்வெட்டி தந்தவை, விதைநெல்லும் தந்தவை. பிள்ளைக்கு மூண்டு சில்லு வைச்ச ஒரு சின்ன வண்டில் தரமாட்டினமோ தம்பி? தாய் தள்ளிக்கொண்டு போவா."

நான் அலுமாரியைத் திறந்து தேடினேன். தளபாடத்துக்குப் படிவம் இருந்தது. கிணற்றுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துக் கூரையில் குளவி கட்டினால் அதற்குக்கூட ஒன்று இருந்தது. கால் வழங்காத பிள்ளையைப் பற்றிப் பேசிய படிவம் ஒன்றே ஒன்றுதான். அங்கவீனம் காரணமாகப் பதினாலு வயது வரை பள்ளிக்கூடம் வருவதிலிருந்து விலக்கு. இந்த நாட்டின் கல்வித் திணைக்களம் ஒரு சூம்பின காலைக் கண்டதும் செய்ய நினைத்த உதவி அவ்வளவும் அந்த அரைத் தாளுக்குள் இருந்தது. அன்றைக்கு எனக்குப் புதையல் எடுத்த சந்தோசம். வழக்கு இல்லை, அலைச்சல் இல்லை, ஐயாவுக்கு இனிக் கவலையே இல்லை என்று சொல்லி, இரண்டு கார்பன் பிரதியோடு ஆங்கிலத்தில் அடித்து, பெரியவரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன். பெரியவர் என்றது எங்கள் கந்தோர்த் தலைவரை. கெட்டிக்காரன் என்று என் முதுகில் தட்டினார். சின்னத்தம்பி கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் விடுதியில் முருங்கைக்காய்க் குழம்பு, நான் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அரிவு வெட்டு முடிந்ததும் அவர் திரும்பவும் வந்தார். இந்த முறை கையில் ஒன்றுமில்லை. வேலை ஓய்ந்துவிட்டது என்று பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். தலைமையாசிரியர் எங்கள் கந்தோரிலிருந்து போன பிரதியைக் காட்டி, இந்தப் பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டியாயிற்று என்று சொல்லிவிட்டார். பெயர் இல்லாவிட்டால் புத்தகமும் இல்லை, பள்ளிக்கூடத்தில் தின்னக் கொடுக்கிற பணிசும் இல்லை, இருக்க வாங்கும் இல்லை. தலைமையாசிரியரையும் நான் முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன். வரவு வீதம் குறைந்தால் ஆசிரியரைக் குறைப்பார்கள், அதனால் வராத பிள்ளை இடாப்பில் இல்லாதது அவருக்கு நல்லது. எல்லாருக்கும் நல்லதாக ஒரு பத்திரத்தை அடித்துக் கொடுத்திருந்தேன், தவமணி ஒருத்தியைத் தவிர.

சின்னத்தம்பி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் பிள்ளையைக் கொண்டுவாறதுக்குத்தான் தம்பி வழி கேட்டனான். கொண்டுவராமல் விடுறதுக்கு இல்லை."

பெரியவரிடம் ஓடினேன். விலக்கை ரத்துச் செய்யப் படிவம் இல்லை, கொடுத்த சலுகையைத் திருப்பி எடுக்கிற வழக்கமும் இல்லை என்றார் அவர். கொழும்புக்கு எழுதிப் பார் என்றார், நானும் எழுதினேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. தெற்கே செவிட்டுப் பிள்ளைகளுக்கும் குருட்டுப் பிள்ளைகளுக்கும் பாடசாலை இருக்கிறதாம். இந்தப் பிள்ளை செவிடும் இல்லை, குருடும் இல்லை என்றபடியால் வருந்துகிறார்களாம். கண்ணும் காதும் நன்றாக இருந்தது அவள் செய்த பிழை. அந்த வருந்துகிறோம் என்ற சொல்லை நான் என் உத்தியோக காலத்தில் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ தெரியாது, ஒரு முறையாவது வருந்தினவன் யாரும் அதில் கையெழுத்து வைத்திருக்கமாட்டான்.

பதிலைத் தபாலில் போட மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே போனேன். பாதிவழியில் சங்கிலி கழன்று, கையெல்லாம் கரியோடு போய்ச் சேர்ந்தேன். வாய்க்கால் ஓரத்தில் குடியேற்ற வீடு, முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தாய் பூரணம் கதிரையைத் தூசி தட்டிப் போட்டா. தவமணி கையை ஊன்றி அரக்கி அரக்கி வந்து எனக்கு முன்னால் இருந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னின இரட்டைப் பின்னல். மடியில் ஒரு சிலேட்டு.

சிலேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆங்கில எழுத்துக்கள், என்னுடைய விலக்குப் பத்திரம். அந்த வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலக் கடதாசி அதுதானே, அதைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகியிருக்கிறாள். நான் பிழையாக அடித்து, அதன் மேலேயே திரும்ப அடித்திருந்த இடத்தைக்கூட அப்படியே குழப்பி எழுதியிருந்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு வயது மட்டும் நீர் பள்ளிக்கூடம் வரத் தேவையில்லை எண்டு கிடக்கு."

சிலேட்டில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"தேவையில்லை எண்டுதானே ஐயா கிடக்கு? வரக்கூடாது எண்டு இல்லையே? பிறகேன் பேரை வெட்டினவை?"

பத்து வயதுப் பிள்ளை. கந்தோர் முழுக்கச் சட்டப் புத்தகம் அடுக்கி வைத்திருந்த எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. திரும்பிப் போகும் வழி முழுக்க அந்தக் கேள்வியைப் பெரியவர் முன்னால் எப்படி வைப்பது என்று ஒத்திகை பார்த்தேன். திங்கட்கிழமை வைத்தேன். அவர் தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டு, உண்மைதான் என்றார். பிள்ளை சொன்னது சரி என்றார். பிறகு, முடிந்த விசயத்தை ஏன் கிளறுவான், உனக்கு நியமனம் உறுதியாக இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதைப் பார் என்றார். நான் போய் இருந்து அடுத்த கடிதத்தை அடித்தேன். அவரைத் திட்டுவது எனக்குச் சுலபம். தட்டச்சுக்கு முன்னால் திரும்பவும் போய் இருந்தவன் யார்?

பிறகும் அதே கந்தோரில்தான் இருந்தேன். பதினாலு வயது கடந்தவர்களின் கோப்புகளைக் கட்டி மேல் தட்டில் ஏற்றுவது வருடக் கடைசி வேலை. ஒரு மார்கழியில் தவமணியின் கோப்பும் வந்தது. விலக்குக் காலம் நல்லபடியாக முடிந்தது. இனி அவள் பள்ளிக்கூடம் வர வேண்டிய வயதிலேயே இல்லை.

கந்தோர் போய்விட்டது. குடியேற்றத் திட்டத்தை யுத்தம் இரண்டு மூன்று முறை கிளப்பி விட்டதில் யார் எங்கே என்று தெரியாமல் போயிற்று. சின்னத்தம்பியின் காணியில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அங்கவீனம் என்ற சொல்லைக்கூட இப்போது படிவங்களில் காணோம், அதைவிட மரியாதையான சொற்கள் வந்துவிட்டன. போன வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தார் ஒரு நினைவு மலர் போட்டார்கள். இடாப்புகள் அழிந்துபோனதால் படித்தவர்களின் பெயர்களை விசாரித்து விசாரித்துச் சேர்த்தார்கள். கல்விக் கந்தோரில் இருந்தவன் என்று என்னிடமும் கேட்டார்கள். நான் ஒரேயொரு பெயர் சொன்னேன். இரண்டு கிழமை கழித்துச் செயலாளர் தொலைபேசியில் வந்தார்.

"எல்லாரிட்டையும் கேட்டுப் பாத்தனான் ஐயா. தவமணி எண்டு ஒரு பிள்ளை எங்கடை பள்ளிக்கூடத்திலை படிக்கேல்லை."

அவரோடு வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவள் அங்கே படித்தாள் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. படிக்கத் தேவையில்லை என்று காட்டத்தான் ஒன்று இருந்தது, அதுவும் இப்போது இல்லை.