அணியத்தில் ஓர் இடம்

ரூபிக்கு எதிலும் முன் இருக்கைதான் வேண்டும். கோவில்பட்டியில் பஸ் ஏறும்போது கண்ணாடியை ஒட்டிய இடம் காலியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். சொந்த ஊரான எப்போதும்வென்றானுக்குப் போகிற வழியில், ஐப்பசி மழை பெய்து முடிந்த நாட்களில், கரிசல் ஈரம் குடித்துக் கறுத்துக் கிடக்கும். அதில் உளுந்தும் மக்காச்சோளமும் அப்போதுதான் முளை விட்டிருக்கும். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கையில் பஸ் ஓடுவதாகவே அவளுக்குத் தோன்றாது. நிலம்தான் மெல்ல அவளை நோக்கி வந்து, இரண்டாகப் பிரிந்து, பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை. நாற்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் அமையவில்லை, அதைப் பற்றிக் கேட்டவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். மேசையில் அவளுக்கு அடுத்த இடம் ருமானாவுடையது. ருமானாவின் வீட்டுக்காரர் ஸ்டேஷன் ரோட்டில் பழக்கடை வைத்திருந்தார். வெல்லப் பாகு வாசனைக்கு நடுவே ரூபியின் கை தன்பாட்டில் ஓடும், கண் எங்கேயோ இருக்கும். ருமானா முழங்கையால் இடித்து அவளைத் திரும்பக் கூட்டிவருவாள்.

இருவரும் கரையில் நின்றுதான் கடலைப் பார்த்திருந்தார்கள். படகில் அதுவரை போனதில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மாதா கோயில் திருவிழாவுக்கு ரூபி ஆண்டுதோறும் போவாள். அந்த நாட்களிலும் ஞாயிறுகளிலும் மீன்பிடிக்கிறவர்கள் வெளியூர் ஆட்களைத் தங்கள் படகில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். போன வருடத்துக்கு முந்தைய வருடத் திருவிழாவுக்கு ருமானாவும் கூட வந்தாள். படகில் ஏறுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

படகுக்காரன் பெயர் பெனிட்டோ, அவர்களைவிட இளையவன். எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, நடுவில் பலகை போட்ட இடத்தில் உட்காரச் சொன்னான். படகின் முன் முனையை அங்கே அணியம் என்பார்கள். அது சற்று மேல்நோக்கித் தூக்கியிருந்தது. அதற்கு அப்பால் கடல் மட்டும்தான். ரூபி அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். பெனிட்டோ உள்ளே வரச்சொன்னான். அவள் கெஞ்சினாள். கூட்டம் கரையில் காத்திருந்தது. காலையாவது உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் இன்ஜினைக் கிளப்பினான்.

கரை தேய்ந்து ஒரு கோடானது. காற்று முதலில் அவள் முகத்தில் பட்டு, பிறகுதான் மற்றவர்களிடம் போயிற்று. எப்போது காலை வெளியே தொங்கவிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நீலம் அவளை நோக்கி வந்து, காலடியில் வெள்ளையாகப் பிளந்து, இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனது. கரிசல் காட்டில் பஸ்ஸில் போவது போலவே இருந்தது. கண்ணாடி மட்டும் இல்லை.

அலை என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. சற்றுமுன் குறுக்கே போன ஒரு விசைப்படகு நீரில் மடிப்பு ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. அணியம் அதில் ஏறிச் சட்டென்று இறங்கியது. படகு இறங்கிய வேகத்தில் ரூபி இறங்கவில்லை. ஒரு கணம் அந்தரத்தில் இருந்தாள். அதன்பின் அவளுக்குக் கீழே படகு இல்லை.

தண்ணீருக்குள் எல்லாம் பச்சையாக இருந்தது. தலைக்கு மேல் படகின் அடிவயிறு நிழல்போல வந்தது. பெரிய எருமை ஒன்று உரசிக்கொண்டு கடந்து போவதுபோல இருந்தது என்று பிற்பாடு ருமானாவிடம் சொன்னாள். மிதவைச் சட்டை அவளை மேலே தூக்கியது, படகு கீழே அழுத்தியது. தோளிலிருந்து முழங்கைவரை தோல் உரிவது தெரிந்தது, வலி தெரியவில்லை. காது நிறைய இன்ஜின் சத்தம். அது திடீரென்று நின்றது.

அவள் விழுந்ததைப் பார்த்த கணத்திலேயே பெனிட்டோ இன்ஜினை நிறுத்தியிருந்தான். படகு மட்டும் வந்த வேகத்தில் அவள்மேல் நகர்ந்து போனது. பின்பக்கமாக, சுற்றாமல் நின்ற இன்ஜின் விசிறியின் இலைகளுக்கு அருகில் அவள் தலை வெளியே வந்தது. ருமானா குனிந்து மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்தாள். தூக்கிப் படகில் போட்ட பிறகும் அந்தப் பிடியை விடவில்லை.

கரையில் காயத்தைக் கழுவித் தையல் போட்டார்கள். பெனிட்டோ படகைக் கட்டிவிட்டான். அந்தத் திருவிழாவில் அவன் அதற்குமேல் படகை எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வீட்டை விசாரித்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தான். ருமானாவும் அங்கே இருந்தாள். அவன் உட்கார்ந்ததும் சொன்னான்: “பின்னால விழுந்தா படகு ஆள விட்டுட்டுப் போயிரும்க்கா. முன்னால விழுந்தா ஆள் மேலதான் வரும். தெரிஞ்சேதான் ஒங்கள அங்கன இருக்கவிட்டேன்.”

இப்போது படகை எப்படி ஓட்டுகிறான் என்று ரூபி கேட்டாள். அணியத்துக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டதாகவும், ஆட்கள் அதையும் தாண்டிப் போய் உட்காருவதாகவும், ஞாயிறுதோறும் சண்டையாக இருப்பதாகவும் சொன்னான்.

அவள் யோசித்தாள். கடலில் விழுந்ததற்குப் பிறகு பஸ்ஸில் நடு இருக்கையில்தான் உட்கார்ந்து வந்தாள். பயம் தண்ணீரிடம் இல்லை, முன் இடத்திடம் இருந்தது. ஆனால் கனவில் மட்டும் அந்த நீலம் வந்து வந்து பிரிந்தது.

“தம்பி, அவியளுக்கு வேகம் வேண்டாம். மொகத்துக்கு முன்னால கடல் மட்டும் இருக்கணும், அவ்வளவுதான். கடல் நடுவுல போயி இன்ஜின அமத்திருங்க. நின்ன பொறவு ஒவ்வொரு ஆளா அணியத்துல உக்காரட்டும்.”

நின்ற படகும் ஆடும், நங்கூரம் போட வேண்டும், ஒருவர் போகும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பெனிட்டோ அடுக்கினான். பிறகு, செய்து பார்க்கலாம், ஆனால் ஆட்களிடம் அவளே வந்து சொல்ல வேண்டும் என்றான். அவன் சொன்னால் யாரும் கேட்பதில்லையாம்.

அடுத்த திருவிழாவுக்கு ரூபி போனாள். படகில் கால் வைக்கும்போது ருமானாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முதல் நடையிலேயே புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, போட்டோ எடுக்க வேண்டும் என்று கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினாள். ரூபி அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, “எனக்கும் அங்கனதாம்மா இருக்கணும். படகு நிக்கட்டும், மொத ஆளா நீ போ. நான் பிடிச்சுக்கிடுதேன்” என்றாள். அந்தப் பெண் சரியென்று உட்கார்ந்துகொண்டாள்.

கடல் ஆழம் கொண்டு கருநீலமான இடத்தில் பெனிட்டோ இன்ஜினை அமர்த்தி நங்கூரத்தை இறக்கினான். சத்தம் நின்றதும் பேசிக்கொண்டிருந்தவர்களும் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். பலகையில் நீர் தட்டுவது கேட்டது. மணப்பெண் கயிற்றைத் தாண்டிப் போய் அணியத்தில் உட்கார்ந்தாள், காலை உள்ளே மடித்து. ரூபி அவள் மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். போட்டோ எடுக்க இருந்த மாப்பிள்ளையே போனை மறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள். திரும்பி வந்தவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள்.

அந்த ஊர்க் கடற்கரையில் இப்போது வேறு சில படகுகளும் கடல் நடுவில் நிறுத்துகின்றன. ஓடும்போது அணியத்தில் ஆள் இருக்கக்கூடாது என்பதில் பெனிட்டோ யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ரூபி விடுமுறை விழும் ஞாயிறுகளில் போய்வருகிறாள். கரையில் அவளைக் கோவில்பட்டிக்கா என்கிறார்கள். மற்ற நாட்களில் பாக்கெட் போடுகிறாள்.

நங்கூரம் போட்டு நிறுத்திய அந்த முதல் நடையில் எல்லாரும் போய்வந்த பிறகு, பெனிட்டோ அவளையும் போகச் சொன்னான். அவள் தயங்கினாள். ருமானா அவள் மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “போடி, நான் இருக்கேன்” என்றாள். ரூபி போய் உட்கார்ந்தாள். கடல் அவளை நோக்கி வரவில்லை, பிரியவும் இல்லை. படகைச் சுற்றி அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வர நேரமாயிற்று. படகில் இருந்த யாரும் அவளைக் கூப்பிடவில்லை.