தீ ஒத்திகையில் நான் ஆற்றிய உரை

இதை வாசிக்கும் உங்களை நான் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். நடுவராக அல்ல, பேச்சுப் போட்டி நடுவர்கள் பாதியில் மணி அடித்து நிறுத்திவிடுவார்கள் என்பதை மேடையேறிய முதல் நாளே அறிந்தவன் நான். சாட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஏழு மாடிக் கட்டிடம் ஒரு திங்கட்கிழமை காலையில் காலியாகாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று என் வகுப்புத் தோழர்கள் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். காரணம் நான்தான். ஆனால் எப்படிக் காரணமானேன் என்பதை அவர்களில் ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை.

மல்லேஸ்வரத்தில் நான் படித்த பள்ளியில், பதினோராம் வகுப்புக்கு 'வேலை அனுபவம்' என்று வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கியிருந்தார்கள். அந்த இரண்டு வேளையிலும் நாங்கள் ஃபினாயில் தயாரித்தோம். எங்களுக்கு முந்திய வகுப்பும் ஃபினாயில் தயாரித்தது. அதற்கு முந்தியதும் அப்படியே. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு பாட்டிலோடுதான் வீடு திரும்பும். அந்தப் பள்ளியில் படித்து வெளியேறியவர்களுக்கு உலகத்து வேலைகளைப் பற்றி எதுவும் தெரியாது. மெட்ரோவில் பக்கத்தில் நிற்பவர் மட்டும் அவர்களை மோந்து பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பார்.

இந்த நிலையில்தான் ஒரு மென்பொருள் நிறுவனம் எங்கள் பள்ளியோடு கைகோக்க முன்வந்தது. ஏற்பாடு எளிமையானது. முதலில் இரண்டு மாணவர்கள், இரண்டு வாரம். அவர்களால் அலுவலகத்துக்குப் பயன் இருந்தால் ஒப்பந்தம் கையெழுத்தாகும். வகுப்பின் மீதி முப்பது பேரும் அடுத்த பருவத்தில் அங்கே போவார்கள். பயன் இல்லையென்றால் முப்பத்திரண்டு பேரும் மறுபடி ஃபினாயில் வாளியின் முன் நிற்க வேண்டியதுதான்.

இருவரில் ஒருத்தி, கணக்கில் முதலாக வரும் என் வகுப்புத் தோழி. ஃபினாயில் மூடியைத் திறந்தாலே அடுக்கடுக்காகத் தும்மத் தொடங்கி, அந்தப் பாடவேளை முழுவதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி நிற்பவள். இன்னொருவன் நான். என்னை யாரும் முன்மொழியவில்லை. மாணவர்களை நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டியதன் தேவை குறித்துக் காலை வழிபாட்டில் நான் பேசி முடித்தபோது, எதிர்த்துச் சொல்ல எவரிடமும் தெம்பு மிஞ்சியிருக்கவில்லை.

முதல் நாள் நிறுவனத்தின் வண்டியில் மேம்பாலத்தின்மீது போய்க்கொண்டிருந்தபோது தோழி என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். பெங்களூரில் யாரும் யாரையும் 'குரு' என்று கூப்பிடலாம்; என் பெயர் அதுவல்ல.

"இதப் பாரு குரு, நீ பேசாம இருந்தாப் போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

"பேசாம எப்படிப் பயன்படறது?"

"அதான் சொல்றேன். அந்த மாதிரி ட்ரை பண்ணிப் பாரு."

எங்களைக் கணினி முன் உட்கார வைப்பார்கள் என்று நினைத்திருந்தோம். கட்டிடப் பராமரிப்புப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஏ.சி., லிஃப்ட், தண்ணீர், கேன்டீன் என்று அந்தக் கட்டிடத்தில் எது நின்றாலும் திட்டு வாங்குகிற பிரிவு அது. அதன் பொறுப்பாளர் ஒக்கலிபுரத்துத் தமிழ்ப் பெண்மணி. மேடம் என்று அழைத்தோம். அவர் இரண்டு கைபேசிகளில் ஒரே நேரத்தில் இரண்டு மொழிகளில் பேசக்கூடியவர். குளிர் தாங்கவில்லை என்று ஒரு கைபேசியில் நான்காம் மாடி அழும். குளிரே வரவில்லை என்று இன்னொன்றில் அதே நான்காம் மாடி அழும். இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு பட்டிமன்றம் வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தண்ணீர் கேன்களை எண்ணிவிட்டு வரச் சொன்னார்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை தீ ஒத்திகை வந்தது. மணி அடித்ததிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் கட்டிடத்தில் இருக்கும் அனைவரும் படிக்கட்டு வழியாக இறங்கி, கார் நிறுத்துமிடத்துக்கு வந்துசேர வேண்டும் என்பது விதி. ஆனால் கேன்டீனில் தோசை தீய்ந்தால்கூட அந்த மணி அடிக்கும் என்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. எனவே மணிக்குப் பின் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பும் செய்வார்கள். நிறுவனத்தின் கிளைத் தலைவர் எங்கள் ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு மேடத்திடம் சொல்லியிருந்தார்: இந்த ஒத்திகையில் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

தோழிக்கு ஆறாம் மாடியில் ஆள் இறங்குவதைக் கவனிக்கும் வேலை. எனக்கு ஒலிபெருக்கி. மேடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். தயவுசெய்து உடனே படிக்கட்டு வழியாக வெளியேறவும் என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி. நான் அதை இரண்டு முறை படித்தேன். விளிப்பு இல்லை; தொடக்கம் இல்லை; வாதம் இல்லை.

"மேடம், இத இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லலாமா?"

அவர் கைபேசியில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டையில் இருந்தார். "ஹ்ம், ஹ்ம், நல்லாச் சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு, நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். அனுமதி கிடைத்தது என்றுதான் நான் இன்றும் கருதுகிறேன்.

மணி அடித்தது. நான் ஒலிவாங்கியை இயக்கினேன்.

மேடை மரபு முதலில் அவையை விளிக்கச் சொல்கிறது. கிளைத் தலைவர், பிரிவு மேலாளர்கள், குழுத் தலைவர்கள், பொறியாளர்கள், கேன்டீன் அண்ணன்மார்கள், காவல் பணியாளர்கள், துப்புரவுச் சகோதரிகள் என்று ஒருவரையும் விடாமல் விளித்தேன். இது பெங்களூர். எனவே கன்னடத்தில் விளித்ததை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் விளித்ததைத் தமிழிலும் விளித்தேன். இந்திக்காரர்கள் மனம் கோணக்கூடாதே என்று இந்தியிலும் ஒரு நமஸ்தே சொன்னேன். முக்கியமான இடத்துக்கு முன் மௌனம் காக்க வேண்டும் என்பதும் பயிற்சியில் உண்டு. காத்தேன். பிறகு கேட்டேன்: "நாம் ஏன் எழுந்திருக்க வேண்டும்?"

இங்கேதான் சாட்சியான நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். எதிரணியின் வாதத்தை எதிரணியே வியக்கும்படி எடுத்துச் சொல்லி, பிறகு அதை உடைப்பவனே பேச்சாளன் என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். ஆகவே எழுந்திருக்க வேண்டாம் என்பவர்களின் தரப்பை முதலில் வைத்தேன். கையில் இருக்கும் காபி இன்னும் சூடாக இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் அழைப்பில் காத்திருக்கிறார். போன முறை மணி அடித்தபோது தீய்ந்தது ஒரு மசால் தோசை மட்டுமே. ஆறு மாடி இறங்குவது எளிது. ஆனால் நண்பர்களே, திரும்ப ஏறப்போவது யார்? வெளியே வெயில். உள்ளே, நான்காம் மாடியின் ஒரு பாதியைத் தவிர, இதமான குளிர். இவை எல்லாம் நியாயமான வாதங்கள் என்பதை நான் மறுக்கவில்லை என்றேன்.

பேசும்போது கைபேசியை ஒலியடக்கி வைப்பது மேடை ஒழுக்கம். அதனால் ஆறாம் மாடியிலிருந்து தோழி ஒன்பது முறை அழைத்தது எனக்குத் தெரியாது. நான் வாதத்தை உடைக்கப் போகும் தறுவாயில் கதவு திறந்தது. மேடம் மூச்சிரைக்க நின்றார். ஒலிவாங்கியை அவரே அணைத்தார்.

"தம்பி, எத்தன நிமிஷம் ஆச்சு தெரியுமா?"

"இப்பதான் மேடம் முன்னுரை முடிஞ்சுது."

"பதினோரு நிமிஷம். கீழ ஒம்பது பேரு நிக்கறாங்க. அதுல நாலு பேரு மணி அடிக்கறதுக்கு முன்னாடியே சிகரெட் பிடிக்கப் போனவங்க. ஒருத்தர் கொரியர் கொடுக்க வந்தவரு."

"மீதி நாலு பேரு?"

"பேசினது யாருன்னு பாக்க வந்தாங்க. லிஃப்ட்ல."

பின்னாலேயே தோழி படிக்கட்டில் இறங்கி வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க நான் விரும்பவில்லை.

"டேய், மணி அடிச்சதும் எல்லாரும் எந்திரிச்சாங்க. நெசமாவே எந்திரிச்சாங்க. நீ பேசப் பேச ஒவ்வொருத்தரா உக்காந்துட்டாங்க. அந்தத் தோசை மேட்டர் சொன்னப்ப கைதட்டினாங்க."

"கைதட்டினாங்களா?" என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது.

"வாளிய நீயே கலக்கு. மூக்க மூடிக்கிட்டு நான் எங்கயாவது போறேன்" என்றாள்.

கிளைத் தலைவர் ஒப்பந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டதாக மதியம் செய்தி வந்தது. மேடம் மேலே போய் அரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பினார். வெள்ளிக்கிழமை இன்னோர் ஒத்திகை. ஆறு நிமிடம் தாண்டினால் அந்த இழுப்பறை திறக்காது. முப்பத்திரண்டு பேரின் எதிர்காலம், வாளி உட்பட, அந்த ஆறு நிமிடத்தில் அடங்கியிருந்தது.

"இந்தவாட்டி அறிவிப்ப இந்தப் பொண்ணு படிக்கட்டும்" என்றார் மேடம். "உனக்கு வேற வேல. புகையில மயங்கி விழுந்த ஆளு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வருவாங்க. நீ வந்து சேந்தாத்தான் கணக்கு முடியும்."

"மயங்கினவன் முனகலாமா மேடம்?"

"முனக ஆரம்பிச்சா நீ மூணு மொழியில முனகுவ. வாயே தொறக்கக் கூடாது. தொறந்தா ஒத்திக ஃபெயில்னு தலைவரே எழுதிடுவாரு."

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. தோழி அந்தத் துண்டுத் தாளை வாசித்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி, முடிந்தது. உரை என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆறாம் மாடி முழுவதும் எழுந்து நடந்தது. நான் அந்த மாடியின் தரையில் கண்களை மூடிக் கிடந்தபடி அந்தச் செருப்பொலிகளைக் கேட்டேன். என் பேச்சுக்கு இதுவரை கிடைத்த எந்தக் கைதட்டலும் அத்தனை நீளமாக இருந்ததில்லை.

காவல் பணியாளர்கள் இருவர் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தூக்கினார்கள். ஒருவர் நெட்டை, மற்றவர் குட்டை. அதனால் நான் சரிந்தே பயணம் செய்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் நின்றது. என் தலை கீழ்ப்பக்கம் இருந்தது. ரத்தமெல்லாம் நெற்றிக்கு வந்துகொண்டிருந்தது.

"குரு, கால் முன்னாடி போகணும். தல மேல இருக்கணும். திருப்பு" என்றார் குட்டையானவர்.

"கால முன்னாடி வெச்சாப் பொணத்தத் தூக்கற மாதிரி இருக்கும்பா. பாக்க நல்லாவா இருக்கும்?"

"அவன் வழுக்கிட்டு வர்றான், பாரு."

"வழுக்கட்டும். கீழதானே போகணும்."

என்னைத் தரையில் வைத்துவிட்டு இருவரும் விவாதத்தில் இறங்கினார்கள். இரு தரப்பிலும் வாதம் மோசமாக இருந்தது. ஒருவர் விதியைச் சொன்னார், ஆதாரம் சொல்லவில்லை. மற்றவர் தோற்றத்தைப் பேசினார், பாதுகாப்பைப் பேசவில்லை. தீர்ப்பு என் நாக்கின் நுனியில் இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு கச்சிதமான தீர்ப்பு எனக்குத் தோன்றியதே இல்லை. இறங்கிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர் குனிந்து, "இவருதானே அன்னிக்கு தோசை பத்திப் பேசினது?" என்று கேட்டு என்னைப் படம் எடுத்தார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. கீழே நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. தும்மிக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறவளின் முகம் மூடிய கண்ணுக்குள் வந்தது.

எனவே, சாட்சியே, இதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வலது காலின் ஷூவை இடது ஷூவின் நுனியால் மெல்லத் தள்ளிவிட்டேன். மயங்கியவனின் ஷூ கழன்று விழுவது இயற்கைக்கு முரணானது அல்ல. அது படிகளில் தடதடவென்று உருண்டு இரண்டாம் மாடிக்குப் போனது.

"ஐயோ, பையன் ஷூ" என்றார் நெட்டையானவர். "ஸ்கூல் ஷூப்பா. தொலைஞ்சா அவங்க அம்மா நம்மளத்தான் கேப்பாங்க. தூக்கு, பேகா பேகா, சீக்கிரம்."

விவாதம் அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது. ஷூவைத் துரத்தி என் தலை முன்னே போனது. இரண்டாம் மாடிச் சுவரில் ஒருமுறையும் முதல் மாடிச் சுவரில் இருமுறையும் இடித்துக்கொண்டேன். ஒவ்வோர் இடிக்கும் சொல்வதற்கு என்னிடம் சொற்கள் இருந்தன. சொல்லவில்லை. வெயில் முகத்தில் பட்டபோதுதான் கார் நிறுத்துமிடம் வந்துவிட்டது தெரிந்தது.

"அஞ்சு நிமிஷம், அம்பத்து ரெண்டு செகண்ட்" என்றார் மேடம், கடிகாரத்தைக் கிளைத் தலைவரின் கண்முன் நீட்டி.

தலைவர் அதைப் பார்த்தார். மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு காரின் முன்புறத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தோழி என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஷூவை என் வயிற்றின்மீது வைத்தாள்.

"எந்திரிடா. போட்டாச்சு, கையெழுத்து போட்டாச்சு. முப்பது பேரும் வரலாம்."

நான் எழுந்தேன். அப்போது கூட்டத்திலிருந்து அந்தப் படம் எடுத்த பொறியாளர் குரல் கொடுத்தார்.

"தம்பி, திங்கக்கிழம பாதியில நிறுத்திட்டீங்க. ஏன் எழுந்திருக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லயே."

கூட்டம் சிரித்தது. மேடம் கையில் இருந்த கையொலிபெருக்கியை நான் பார்த்தேன். என்னைப் பார்த்த அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, நீட்டினார்.

"ஒரு வரி" என்றார். "ஒரே மொழியில."

நெற்றியில் ஒரு வீக்கமும் ஒரு காலில் மட்டும் ஷூவுமாக நின்று, எழுநூறு கண்கள் பார்க்க, விளிப்பு இல்லாமல், மௌனம் காக்காமல் சொன்னேன்: "தீப்பிடித்தால் இனி முதலில் தீ என்றே சொல்வேன், வணக்கத்தை எல்லாரும் கீழே வந்த பிறகு வைத்துக்கொள்வேன், இது என் வாக்கு."