மண்ணெண்ணெய் இல்லாத நெருப்பு

எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றம் வருடத்துக்கு ஒருமுறை மலையில் முகாம் போடும். பையன்கள் இரவு தங்குவார்கள். பெண்கள் ஆறு மணி லோரியில் வீடு திரும்ப வேண்டும். ஏன் என்றால், அந்தக் குளிரில் எங்களுக்கு நெருப்பு மூட்டத் தெரியாதாம். சென்ற வருடக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "நாங்களே மூட்டுறோம். மூட்டிட்டா தங்குவோம்."

மன்றத் தலைவர் சிரித்தார். "மண்ணெண்ணெய் தரமாட்டேன் தங்கச்சி. ஆறு மணிக்குள்ள எரியணும். இல்லன்னா லோரிதான் லா."

"வேணாம்ணே. நாங்க கேக்கவே இல்லையே."

தேயிலைத் தொழிற்சாலையில் காய்ந்த தூளின் ஈரத்தைச் சோதிப்பது என் வேலை. ஆகவே எது சட்டென்று தீப்பிடிக்கும் என்று முதலில் பட்டியல் போட்டேன். லாலாங் புல்லின் பூப்பஞ்சு. நின்றபடி செத்த பெரணிச் செடி. தேயிலைச் செடியின் அடியில் ஒடியாமல் காய்ந்து நிற்கும் மெல்லிய குச்சிகள். தரையில் கிடப்பது எதுவும் கூடாது என்று அடிக்கோடிட்டேன். பாசியும் கூடாது; காய்ந்த மாதிரி ஏமாற்றும். ஒவ்வொன்றையும் காதருகே ஒடித்துப் பார்த்தேன். சத்தம் கேட்டால் எடுத்துக்கொண்டேன், வளைந்தால் வீசினேன். அடுப்படியில் ஒரு வாரம் உலர்த்தி, பிஸ்கட் டின்னில் அடைத்தேன்.

முகாம் அன்று நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. நாங்கள் எட்டுப் பெண்களும் விறகு பொறுக்கித் திரும்பியபோது, லோரியின் முன்பக்கத்தில் என் டின் திறந்து கிடந்தது. மூடி தனியாக. பக்கத்தில் தலைவர்.

"சும்மா திறந்து பாத்தேன் லா. குருவிக்கூடு மாதிரி இருக்கு."

"எப்பண்ணே திறந்தீங்க?"

"அது ஒரு அரை மணி நேரம் இருக்கும்."

பெரணியை ஒடித்தேன். வளைந்தது. திறந்து வைத்த தேயிலைத் தூள் மூட்டத்தின் ஈரத்தைக் குடித்துவிடும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அவரும் இங்கே பிறந்தவர்தான். வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்கவில்லை. மணி ஐந்து இருபது.

"அக்கா, லோரியில ஏறிடலாமா?" என்றாள் எங்களில் சிறியவள்.

"ஏறலாம். நாளைக்கு."

ஓடைக்கரையில் ஒரு மூங்கில் செத்து, கீழே விழாமல் மற்றவற்றின் மேல் சாய்ந்திருந்தது. மேல்தோல் ஈரம். பிளந்தோம், உள்ளே வெளுத்து, காய்ந்து இருந்தது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து உட்புறத்தைச் சுரண்டச் சுரண்ட, பஞ்சு போல உதிர்ந்தது. அது மூட்டத்தைத் தொடுவதற்குள் என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். கைப்பிடி அளவு சேர்ந்ததும் ஏழு பேரும் மழைச்சட்டைகளை விரித்துச் சுற்றி நின்றார்கள்.

முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் மூங்கில் பஞ்சு சுருண்டு சிவந்தது. மூங்கில் சிம்புகளை ஒவ்வொன்றாக வைத்தேன். அவசரப்பட்ட என் கையை ஒருத்தி தட்டிவிட்டாள். பிறகு விறகு பிடித்தது.

ஆறு மணிக்கு லோரி ஹாரன் அடித்தது. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

தலைவர் வந்து, கேட்காமலே எங்கள் நெருப்பில் குளிர் காய்ந்தார். "சரி, தங்குங்க. ராத்திரிக்கு மண்ணெண்ணெய் கொஞ்சம் தரவா?"

"வேணாம்ணே. போறப்போ அந்த டின்ன மூடி வச்சிட்டுப் போங்க."